பிரவுசர் யாரையும் நம்புவதில்லை



“பிரவுசரெல்லாம் எனக்குத் தெரியாதுங்க, நான் கூகுள் மட்டும்தான் பார்ப்பேன்” என்று நம் வாசகி ஒருவர் அண்மையில் சொன்னார். வீட்டின் கரண்ட் பில், மகளின் காலேஜ் ஃபீஸ், மாமனாரின் பென்ஷன் விவரம், ரயில் டிக்கெட் எல்லாம் அவர் கையால்தான் நடக்கிறது. நாள் முழுக்க அவர் போனில் ஓடுவது குரோம் என்ற பிரவுசர். அதற்கென்று தனியாக ஒரு வேலை உண்டு என்பது மட்டும் அவருக்குத் தோன்றியதே இல்லை.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒழுங்காக வேலை செய்கிற எதைத்தான் நாம் திரும்பிப் பார்க்கிறோம்? ஆனால் வீட்டுப் பணமும், பிள்ளைகளின் மதிப்பெண்ணும், நிலத்தின் பட்டா சிட்டாவும் இதன் வழியாகத்தான் வந்து போகின்றன என்றால், உள்ளே என்னதான் நடக்கிறது என்று ஒருமுறையாவது எட்டிப் பார்க்க வேண்டாமா?

ஒரு லிங்க்கைத் தொடுகிறீர்கள். அந்தப் பெயருக்கு உரிய கம்ப்யூட்டர் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று பிரவுசர் முதலில் விசாரிக்கிறது. நமக்குப் பெயர் போதும், நெட்வொர்க்குக்கு எண் வேண்டும். பெயரைச் சொன்னால் எண்ணைத் தருவதற்கென்றே டிஎன்எஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. எண் கிடைத்ததும் அந்த சர்வரைக் கூப்பிட்டு, ‘இந்தப் பெயர் உன்னுடையதுதானா, சான்றிதழைக் காட்டு’ என்று கேட்கிறது. சான்றிதழ் சரியாக இருந்தால் இருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியச் சாவி ஒன்று உருவாகிறது. இத்தனையும் முடிந்த பிறகுதான் ‘பக்கத்தை அனுப்பு’ என்ற பேச்சே வருகிறது. நாம் அதற்குள் “நெட் ஸ்லோவா இருக்கே” என்று அலுத்துக்கொள்கிறோம்.

வந்து சேர்வது பளபளப்பான பக்கம் என்று நினைக்க வேண்டாம். முதலில் வருவது வெறும் எழுத்துதான். பக்கத்தில் என்னென்ன இருக்கின்றன என்று சொல்லும் எச்டிஎம்எல், அவை எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் சிஎஸ்எஸ், நீங்கள் தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும் ஜாவாஸ்கிரிப்ட். பிரவுசர் இவற்றைப் படித்து, எது எதற்குள் அடங்கும் என்று கிளை கிளையாக ஒரு மரம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நிறமும் அளவும் கணக்கிட்டு, திரையில் இடம் ஒதுக்கி, கடைசியில் வரைகிறது. விரலால் தள்ளும்போது பக்கம் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டுமானால் விநாடிக்கு 60 தடவை புதிதாகக் காட்ட வேண்டும். அதாவது ஒரு காட்சிக்குக் கிடைக்கும் நேரம் 17 மில்லிவிநாடிகூட இல்லை.

இந்த மூன்றில் கொஞ்சம் உஷாராகப் பார்க்க வேண்டியது ஜாவாஸ்கிரிப்ட். பிரெண்டன் ஐக் என்பவர் 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதிக் கொடுத்த மொழி இது. ஏறக்குறைய எல்லா இணையதளங்களிலும் இன்று இது இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். பிளே ஸ்டோருக்குப் போய் நீங்கள் எதையும் இறக்கவில்லை, ‘இன்ஸ்டால்’ அழுத்தவில்லை. ஆனாலும் முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய புரோகிராம் உங்கள் போனுக்குள் வந்து ஓடுகிறது. ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால் அந்த நிறுவனத்தின் புரோகிராம் மட்டுமா வருகிறது? விளம்பரக்காரர்கள், யார், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுகிறவர்கள் எல்லாருடையதும் கூடவே வந்து இறங்குகிறது.

அதே போனில்தான் உங்கள் குடும்பப் போட்டோக்கள் இருக்கின்றன. இன்னொரு டேபில் உங்கள் பேங்க் கணக்கு திறந்திருக்கிறது. அப்படியானால் அந்த அந்நியப் புரோகிராம் இவற்றை எடுத்துக்கொண்டு போகாமல் தடுப்பது எது?

நம் பழைய வீடுகளின் திண்ணையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாதவர் வந்தால் திண்ணையில் உட்காரச் சொல்வார்கள். தண்ணீர் கேட்டால் வீட்டு ஆள் உள்ளே போய்க் கொண்டுவந்து கொடுப்பார். வந்தவர் அடுப்படிக்குப் போய்த் தானாக மொண்டு குடிக்க முடியாது. இன்றைய பிரவுசரின் அமைப்பு ஏறத்தாழ இதுதான். ஒவ்வொரு பக்கத்தையும் படித்து வரைகிற வேலை தனித்தனித் திண்ணையில் நடக்கிறது. ஒரு திண்ணையில் இருப்பவருக்குப் பக்கத்துத் திண்ணை தெரியாது. அங்கிருந்து உங்கள் ஃபைல்களைத் தொட முடியாது, கேமராவை இயக்க முடியாது, நெட்டில் நேரடியாகப் பேசக்கூட முடியாது. எது வேண்டுமானாலும் வீட்டு ஆளைக் கேட்க வேண்டும். அந்த வீட்டு ஆள்தான் பிரவுசரின் தலைமைப் பகுதி. கொடுக்கலாமா கூடாதா என்று முடிவெடுப்பது அதன் வேலை. நெட்வொர்க் வேலைக்கும் திரையில் தீட்டும் வேலைக்கும் தனித்தனி ஆட்கள் உண்டு. இந்தத் திண்ணைக் கட்டுப்பாட்டைத்தான் கம்ப்யூட்டர்காரர்கள் சாண்ட்பாக்ஸ் என்கிறார்கள்.

முன்பு இப்படி இல்லை. பிரவுசிங் சென்டரில் ப்ளஸ் டூ ரிசல்ட் பார்த்த தலைமுறைக்கு நினைவிருக்கும். ஒரு பக்கம் தகராறு செய்தால் திறந்து வைத்திருந்த அத்தனையும் சேர்ந்து மூடிக்கொள்ளும், பாதி நிரப்பிய விண்ணப்பம் உட்பட. 2008 செப்டம்பரில் கூகுள் குரோம் வந்தபோது, ஒவ்வொரு டேபையும் தனித்தனியாகப் பிரித்து ஓட்டுவதைத்தான் தன் பெரிய சிறப்பாகச் சொன்னது. அதை விளக்க ஸ்காட் மெக்ளவுட் என்ற ஓவியரைக் கொண்டு ஒரு காமிக்ஸே வெளியிட்டார்கள். பத்திரிகைக்காரனாக எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு. இவ்வளவு சிக்கலான விஷயத்தைப் படக்கதையாகச் சொல்லலாம் என்று ஒரு கம்பெனிக்குத் தோன்றியதே! அந்தக் குரோம் திட்டத்தை முன்னின்று நடத்தியவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை என்பது நீங்கள் அறிந்ததுதான்.

2018 ஜனவரியில் இன்னொரு அதிர்ச்சி வந்தது. ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பெயர்களில், கம்ப்யூட்டர் சிப்புகளிலேயே ஓட்டை இருப்பது அம்பலமானது. ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு பக்கங்களில் ஒன்று மற்றதை வேவு பார்க்க வழி இருந்தது. அந்த ஆண்டே டெஸ்க்டாப் குரோம், ஒரே டேபுக்குள் இரண்டு தளங்கள் இருந்தாலும் அவற்றையும் பிரித்து வைக்கத் தொடங்கியது. செய்திப் பக்கத்துக்குள் ஒரு கட்டத்தில் விளம்பரம் தெரிகிறதே, அந்தக் கட்டத்துக்கே தனித் திண்ணை!

இந்தப் பாதுகாப்பு சும்மா கிடைக்கவில்லை. ஒவ்வொரு திண்ணைக்கும் ரேம் என்னும் நினைவகம் வேண்டும். “குரோம் ரேமைத் தின்கிறது” என்று கம்ப்யூட்டர் கடைத் தம்பி சொல்வதற்குப் பெரிய காரணம் இதுதான்.

பலரும் எரிச்சலோடு சொல்லும் ஒரு விஷயத்துக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. நீளமான விண்ணப்பம் ஒன்றைப் போனில் நிரப்புகிறீர்கள். ஓடிபி வருகிறது. மெசேஜைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் பக்கம் புதிதாக லோடு ஆகிறது, நிரப்பியது எல்லாம் போச்சு. சர்வர் சதி என்று திட்டுவோம். பெரும்பாலும் சர்வர்மேல் தப்பிருக்காது. போனின் ரேமில் இடம் பற்றாமல், நீங்கள் மெசேஜ் பார்க்கப் போன சில விநாடியில் அந்தத் திண்ணையை ஆண்ட்ராய்டு காலி செய்துவிட்டது. ரேம் குறைந்த போன்களில் இது அடிக்கடி நடக்கும். இப்படிப்பட்ட வேலைக்கு உட்காரும் முன் மற்ற டேப்களையும் ஆப்களையும் மூடிவிடுங்கள். ஓடிபி வந்தால் மெசேஜ் ஆப்புக்குப் போகாமல், மேலிருந்து நோட்டிஃபிகேஷனை இழுத்து அங்கேயே படித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். பக்கம் மேலும் கீழும் நன்றாக நகர்கிறது, பட்டனைத் தொட்டால் மட்டும் அசைவே இல்லை. நகர்த்துவதற்கு ஒரு பகுதி, ஜாவாஸ்கிரிப்டை ஓட்ட வேறொரு பகுதி என்று வேலை பிரிந்திருப்பதால் இப்படி ஆகிறது. இரண்டாவது பகுதி எதிலோ மூழ்கியிருக்கும். நீங்கள் தொட்டது வீணாகிவிடாது, வரிசையில் காத்திருக்கும். கை சும்மா இல்லாமல் மறுபடி தொட்டால் அதுவும் வரிசையில் நிற்கும். நல்ல தளங்கள் இரண்டாவது அழுத்தத்தைக் கண்டுகொள்ளாது. எல்லாத் தளங்களும் நல்ல தளங்கள் ஆகிவிடுமா? பணம் கட்டும் பட்டன் அசையாமல் நின்றால் ஒரு நிமிடம் பொறுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், திரும்ப அழுத்துவதற்கு முன் பேங்க் எஸ்எம்எஸ் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நம் எழுத்துக்காக ஒரு கிளைக்கதை. ‘கொ’ என்று டைப் செய்து பேக்ஸ்பேஸை ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் ‘க’ மட்டும் மிஞ்சும். நம் கண்ணுக்கு ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டு. கம்ப்யூட்டர் வைத்திருப்பதோ இரண்டே எண்கள். ஒன்று ககரத்துக்கு, இன்னொன்று ஒகரக் குறிக்கு. அந்த ஒரே குறியை இரண்டாக உடைத்து, பாதியைக் ககரத்துக்கு முன்னாலும் பாதியைப் பின்னாலும் கொண்டுபோய் வைப்பது பிரவுசருக்குள் இருக்கும் ஒரு சின்னப் பகுதியின் வேலை. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள். ஒருகாலத்தில் தமிழ்ப் பத்திரிகைகளின் இணையதளங்களுக்குப் போனால் அவரவர் எழுத்துருவை இறக்கி வைத்துக்கொண்டால்தான் படிக்க முடியும். இல்லாவிட்டால் திரை முழுக்கத் தலையில் புள்ளியும் கோடும் வைத்த அந்நிய எழுத்துகள்தான். யூனிகோடு பரவலானதும் அந்தத் தொல்லை ஒழிந்தது. இந்த மாதிரி மென்பொருளை எழுதி இலவசமாகக் கொடுத்தவர்களை நாம் ஒருநாளும் நினைப்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். இவ்வளவு சந்தேகப் பிராணியான ஒரு பிரவுசர் காவலுக்கு இருந்தும் வீட்டுக்கு வீடு பணம் பறிபோன கதை எப்படிக் கேட்கிறோம்?

எனக்குத் தெரிந்த பதில் இது. பிரவுசர் பக்கங்களை நம்புவதில்லை. ஆனால் உங்களை நம்புகிறது. சில விஷயங்களில் தானாக முடிவெடுக்காமல் உங்களைக் கேட்கிறது: கேமரா தரலாமா, இருக்கும் இடத்தைச் சொல்லலாமா, அறிவிப்பு அனுப்ப விடலாமா. ‘அலவ்’, ‘பிளாக்’ என்று இரண்டு பட்டன் வருகிறதே, அதுதான். நாமோ பெட்டியை எப்படியாவது விலக்கிவிட்டுப் பக்கத்தைப் பார்க்கும் அவசரத்தில் கை பட்டதை அழுத்துகிறோம்.

இதற்காகவே வலை விரிக்கிற தளங்கள் உண்டு. சினிமா இலவசமாகப் பார்க்கலாம் என்று போனால், ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலவ் அழுத்தவும்’ என்று பெரிய எழுத்தில் ஒரு வரி. அந்த வரியை எழுதியது அந்தப் பக்கம். அதன் கூடவே வருகிற உண்மையான கேள்வி பிரவுசருடையது; அதில் தளத்தின் பெயரைப் போட்டு ‘இது உங்களுக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்ப விரும்புகிறது’ என்றுதான் இருக்கும். ரோபோ பேச்சே அதில் இருக்காது. அலவ் அழுத்தினீர்களோ, அன்று முதல் அந்தத் தளத்தை மூடிவிட்டாலும் தினமும் பத்துத் தடவை ‘உங்கள் போனில் வைரஸ்’ என்று டிங் டிங் என்று வந்துகொண்டே இருக்கும். வீட்டுப் பெரியவர்கள் பயந்துபோய்க் கடைக்குக் கொண்டு போவார்கள். அங்கே போனை முழுசாக அழித்துக் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்கிறவர்களும் உண்டு. வைரஸே இல்லை, ஒரே ஒரு அனுமதிதான்! குரோமின் மூன்று புள்ளியைத் தொட்டு, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று உள்ளே போனால் யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியல் இருக்கும். தெரியாத பெயரை எல்லாம் நீக்குங்கள். உங்கள் வீட்டு அம்மா அப்பா போனில் இன்று மாலையே பாருங்கள். சொந்த போனிலும்தான்.

முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுப் படத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘பூட்டு இருந்தால் பாதுகாப்பான தளம்’ என்று நமக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டார்கள். பூட்டு சொல்வது, நீங்கள் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதையும், மேலே எழுதியிருக்கிற முகவரிக்குத்தான் வந்திருக்கிறீர்கள் என்பதையும்தான். அந்த முகவரிக்காரர் யோக்கியரா என்று அது சொல்லவே இல்லை. பூட்டு வருவதற்கு வேண்டிய சான்றிதழ் இன்று இலவசமாக, சில நிமிடங்களில் கிடைக்கிறது. திருடனுக்கும் கிடைக்கிறது. ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே 2023 செப்டம்பரில் குரோம் அந்தப் பூட்டைத் தூக்கிவிட்டு வேறு சின்னம் வைத்தது.

அப்போது எதைப் பார்ப்பது? முகவரியைத்தான், அதையும் சரியான இடத்தில். தொடக்கத்தில் ‘https://’ இருந்தால் அதை விட்டுவிட்டு, முதல் சாய்கோடு எங்கே வருகிறதோ அதற்கு முன்னால், கடைசியில் இருக்கும் பெயரே அந்த இடத்தின் சொந்தக்காரர். ‘மின்வாரியம், புள்ளி, ஏதோ ஒரு பெயர், புள்ளி, காம்’ என்று இருந்தால் அது மின்வாரியத்தின் தளம் இல்லை, அந்த ஏதோ ஒரு பெயருக்காரரின் தளம். முன்னால் எந்தப் பெயரை வேண்டுமானாலும் அவர் ஒட்டிக்கொள்ளலாம். அரசுத் தளங்கள் பெரும்பாலும் ‘கவ் டாட் இன்’ என்று முடியும். இந்திய வங்கிகளுக்கு இப்போது ரிசர்வ் வங்கியே ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. அப்படி முடியும் முகவரி வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும். வங்கியின் பெயரில் எஸ்எம்எஸ்-இல் வந்த லிங்க் வேறு எதில் முடிந்தாலும் கையை எடுத்துவிடுங்கள்.

இந்த விஷயத்தில் நம்மைவிட பிரவுசருக்குக் கண் கூர்மை. பாஸ்வேர்டை அதில் சேமித்து வைத்திருந்தால், எந்த முகவரிக்காகச் சேமித்தீர்களோ அங்கே மட்டும்தான் எடுத்துக் கொடுக்கும். போலித் தளம் லோகோ, நிறம், எழுத்து அத்தனையும் அச்சு அசலாக வைத்து நம்மை ஏமாற்றிவிடலாம். பிரவுசர் லோகோவைப் பார்ப்பதே இல்லை, முகவரியின் எழுத்துகளைத்தான் ஒப்பிடுகிறது. வழக்கமாகத் தானாக நிரப்புகிற இடத்தில் அது கம்மென்று இருந்தால், நாமாக டைப் செய்ய உட்காராமல் ஒருமுறை முகவரியைப் பார்ப்போமே. சொந்த போனில், நல்ல ஸ்கிரீன் லாக் இருந்தால், பாஸ்வேர்டைச் சேமிப்பது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். காலண்டர் பின்பக்கம் எழுதி வைப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

பிரவுசிங் சென்டரிலோ அடுத்தவர் கம்ப்யூட்டரிலோ என்றால் கதை வேறு. அங்கே பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் தளத்தைத் திறவுங்கள். வேலை முடிந்து இன்காக்னிட்டோ ஜன்னல்கள் எல்லாவற்றையும் மூடியதும் லாகின் அடையாளங்கள் போய்விடும். இறக்கிய பிடிஎஃப் மட்டும் அங்கேயே கிடக்கும், அதைக் கையால் அழிக்க வேண்டும். ஒரு திருத்தம்: இன்காக்னிட்டோவில் பார்த்தால் யாருக்கும் தெரியாது என்று காலேஜ் பிள்ளைகள் நினைக்கிறார்கள். வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். நெட் கொடுக்கிற கம்பெனிக்கும் நீங்கள் போன தளத்துக்கும் தெரியும்.

வெளியே எத்தனையோ பிரவுசர்கள் இருப்பதுபோல் தோன்றினாலும் உள்ளே ஓடும் முக்கிய எஞ்சின்கள் மூன்றுதான். குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ், நம் ஜோஹோவின் உலா எல்லாம் ஒரே குடும்பம், குரோமியம். சஃபாரிக்கு வெப்கிட். ஃபயர்ஃபாக்ஸுக்குத் தனியாக கெக்கோ. நம் ஊர் ஐபோனில் எந்தப் பெயரில் பிரவுசர் போட்டாலும் உள்ளே வெப்கிட்தான். ஒன்றுக்கே எல்லாரும் போய்ச் சேர்வது எனக்கு அவ்வளவு உவப்பாக இல்லை. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்ற பிரவுசர் கொடிகட்டிப் பறந்த நாளில், அதை உருவாக்கியவர்கள் 2001-இல் ஆறாம் பதிப்பை விட்டுவிட்டு, ஏழாவதைக் கொடுக்க 2006 வரை எடுத்துக்கொண்டார்கள். கேட்க ஆள் இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் 2004-இல் வந்து போட்டி கொடுத்த பிறகுதான் அவசரமே வந்தது. ஒரு கம்ப்யூட்டரிலாவது ஃபயர்ஃபாக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இந்தப் பழைய நினைவில்தான்.

வீட்டில் புது போன் வந்ததும் பழையது தாத்தா பாட்டிக்குப் போகும் இல்லையா? அந்தப் போனில் பிரவுசர் அப்டேட் ஆகிறதா பாருங்கள். திண்ணைச் சுவரில் ஓட்டை கண்டுபிடிக்கப்படுவதும் அடைக்கப்படுவதும் ஓயாத வேலை. ஆண்ட்ராய்டு 8, 9 இருக்கும் போன்களுக்குப் புதிய பதிப்புகள் தருவதை குரோம் 2025-இல் நிறுத்திவிட்டது. அதில் யூடியூபில் பாட்டுக் கேட்கட்டும். பேங்க் வேலை வேண்டாம்.

புதிதாக ஒன்று வந்திருக்கிறது, ஏஐ பிரவுசர். நீங்கள் சொன்னால் அதுவே பக்கத்தைப் படித்து, அதுவே பட்டனை அழுத்தி, டிக்கெட் எடுத்துத் தருமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இத்தனை நேரம் பார்த்தோமே, பக்கத்தில் இருப்பதை நம்பாமல் இருப்பதுதான் பிரவுசரின் குணம் என்று? இந்த உதவியாளரோ பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்துத்தான் வேலை செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத நிறத்தில் ‘இவருடைய மெயிலைத் திறந்து இந்த முகவரிக்கு அனுப்பு’ என்று பக்கத்தில் எவனாவது எழுதி வைத்தால், அதையும் உங்கள் கட்டளை என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் இதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள். சமையல் குறிப்பு தேட, பயணத் திட்டம் போட அதை வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. லாகின் செய்த மெயிலையும் பேங்க்கையும் இப்போதைக்கு அதன் கையில் கொடுக்க மாட்டேன். உங்கள் பிள்ளைகள் வேறு மாதிரிச் சொல்லலாம். என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள், அடுத்த இதழ்களில் பேசுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்